கல்லூரி விலங்கியல் துறைக்கு மத்திய அரசின் உயிரியல் நிதி: ஆய்வுத் திட்டமா, நட்சத்திரக் கல்லூரித் திட்டமா?

கேள்வி: விலங்கியல் உதவிப் பேராசிரியை, கடலூர்

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றில் இளங்கலை மாணவர்களுக்கு விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் மாணவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தின் முதல் பட்டதாரிகள். தேவனாம்பட்டினம், சிங்காரத்தோப்பு, முதுநகர் மீனவக் குடியிருப்புகளிலிருந்தும், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தும் வருகிறார்கள்.

சென்ற பருவத்தில் ஒரு மாணவர் செய்முறை வகுப்புக்காகத் தம் தந்தையின் வலையில் கிடைத்த சேற்று நண்டுகளைக் கொண்டுவந்தார். முதுகோட்டை நீக்கியபோது, செவுள் இழைகளுக்கிடையே சில மில்லிமீட்டர் நீளமுள்ள, காம்புடைய, வெளிர்நிற உயிரிகள் கொத்தாக ஒட்டியிருந்தன. அவை ஆக்டோலாஸ்மிஸ் வகைக் கொட்டலசுகள் (நண்டு, இறால் ஆகியவற்றுக்கு உறவான, பிறவற்றின் மீது ஒட்டி வாழும் உயிரிகள்) என்று பிறகு உறுதி செய்துகொண்டோம். சில நண்டுகளில் ஒன்றுகூட இல்லை. சிலவற்றில் செவுளே தெரியாத அளவுக்கு இருந்தன. ஏன் இந்த வேறுபாடு என்று மாணவர்கள் கேட்டார்கள். அதை முறையான ஆய்வாக எடுத்துச் செல்ல வேண்டும் என்ற எண்ணம் அன்றிலிருந்து எனக்கு இருக்கிறது.

என் ஐயங்கள் மூன்று. மத்திய அரசின் உயிரித் தொழில்நுட்பத் துறை, அதாவது டி.பி.டி., இப்படிப்பட்ட ஆய்வுக்கு நிதி வழங்குமா, அல்லது வேறு அமைப்பை நாட வேண்டுமா? எங்கள் செய்முறைக் கூடத்தில் நுண்ணோக்கிகள் பற்றாக்குறையாக இருப்பதால், அவற்றையும் ஆய்வுத் திட்டத்தின் செலவுக் கணக்கிலேயே கேட்கலாமா? பெரிய ஆய்வகம் இல்லாத, பட்ட வகுப்புகள் மட்டுமே உள்ள ஒரு கல்லூரியின் முன்மொழிவை இந்த அமைப்புகள் உண்மையிலேயே கருத்தில் கொள்கின்றனவா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கடல் உயிரியல் பேராசிரியர், பரங்கிப்பேட்டை

அம்மா, வணக்கம். உங்கள் இரண்டாவது ஐயத்தை முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதில் தெளிவில்லாமல் எழுதப்பட்ட முன்மொழிவுகள் எத்தனையோ திருப்பி அனுப்பப்பட்டதை மதிப்பீட்டுக் குழுக்களில் அமர்ந்து பார்த்திருக்கிறேன். ஆய்வுத் திட்டத்துக்கு நிதி பரிந்துரைக்கும் குழு, உங்கள் முன்னால் உள்ள கேள்வியின் தகுதியையும் அதற்கு விடை காண நீங்கள் வகுத்துள்ள வழியையும் மட்டுமே பார்க்கும். கல்லூரியின் பற்றாக்குறை அதன் பார்வைக்கு வராது. நண்டின் செவுளை ஆராய ஒரு நல்ல ஸ்டீரியோ நுண்ணோக்கியும் ஒரு கூட்டு நுண்ணோக்கியும் கேட்டால் எவரும் மறுக்க மாட்டார்கள். அதே பட்டியலில் வகுப்பு முழுவதற்குமான மாணவர் நுண்ணோக்கிகளைச் சேர்த்தால், இவர் ஆய்வின் பெயரால் செய்முறைக் கூடத்தை நிரப்பப் பார்க்கிறார் என்ற எண்ணம் எழும். அந்த எண்ணம் ஆய்வுப் பகுதியின் மீதும் படியும்.

கற்பித்தலுக்கான தேவையை அதற்கென்றே உள்ள இடத்தில் கேளுங்கள். டி.பி.டி. 2008-இல் தொடங்கிய நட்சத்திரக் கல்லூரித் திட்டம் இளங்கலை அறிவியல் கல்விக்கென்றே உருவானது. செய்முறைக் கருவிகள், வேதிப்பொருள்கள், களப்பயணங்கள், ஆசிரியர் பயிற்சி, மாணவர்களின் சிறு ஆய்வுகள், வெளி வல்லுநர்களின் சொற்பொழிவுகள் ஆகியவற்றுக்கு அதில் இடம் உண்டு. அதற்கு ஒரு தனி ஆசிரியர் விண்ணப்பிக்க முடியாது. கல்லூரியின் பல அறிவியல் துறைகள் சேர்ந்து, முதல்வர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். மாவட்டத்துக்கு ஒரு நட்சத்திரக் கல்லூரியாவது இருக்க வேண்டும் என்ற நோக்கத்துடன், ஏற்கெனவே அந்தத் தகுதி பெற்ற கல்லூரிகள் புதிய கல்லூரிகளுக்கு வழிகாட்டும் ஏற்பாடு 2021-இல் தொடங்கப்பட்டது. ஆகவே இயற்பியல், வேதியியல், தாவரவியல் துறைத் தலைவர்களிடம் இன்றே பேசத் தொடங்குங்கள். என் அனுபவத்தில் இதற்குப் பணத்தைவிடப் பெரிய தடை, நான்கு துறைகளை ஒரே மேசையில் அமர வைப்பதுதான்.

இனி அமைப்புகளைப் பற்றிச் சொல்கிறேன். 1982-இல் தேசிய உயிரித் தொழில்நுட்ப வாரியமாகத் தொடங்கி, 1986-இல் அறிவியல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ்த் தனித் துறையானதே டி.பி.டி. தன் கீழுள்ள ஆய்வு நிறுவனங்களை நடத்துவது அதன் வேலையில் ஒரு பகுதி; வெளியே உள்ள பல்கலைக்கழகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போட்டி முறையில் நிதி வழங்குவது மறுபகுதி. அந்த இரண்டாம் பகுதியில் நீர்வாழ் உயிரின வளர்ப்பு, கடல்சார் உயிரித் தொழில்நுட்பம் என்ற பிரிவு உண்டு. உங்கள் நண்டு அங்கே போக வேண்டுமானால், கேள்விக்குள் உயிரித் தொழில்நுட்பமோ நண்டு வளர்ப்புக்கான பயனோ வெளிப்படையாகத் தெரிய வேண்டும். அடிப்படைச் சூழலியல் ஆய்வாகவே வைத்திருக்க விரும்பினால், மத்திய அரசின் மற்றொரு நிதி அமைப்பான அனுசந்தான் தேசிய ஆய்வு அறக்கட்டளை பொருத்தமானது. முன்பு செர்ப் என்று நாம் அறிந்திருந்த அறிவியல், பொறியியல் ஆய்வு வாரியத்தின் பணிகளை, 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 2024 பிப்ரவரி முதல் அது ஏற்றுக்கொண்டது. 2023 முதல் 2028 வரை 50,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டாலும், அதில் பெரும்பகுதி அரசுக்கு வெளியிலிருந்து திரட்டப்பட வேண்டிய தொகை என்பதையும் மனத்தில் வையுங்கள்.

முன்மொழிவு எப்படி நகர்கிறது என்பதையும் அறிந்திருப்பது நல்லது. அழைப்பு வெளியானதும் இணையத்தில் பதிவு செய்து அனுப்புகிறீர்கள். அலுவலர்கள் தகுதியையும் சான்றிதழ்களையும் சரிபார்த்தபின், துறை சார்ந்த மதிப்பீட்டாளர்களுக்கு அது செல்கிறது. அவர்களுடைய கருத்துகளோடு வல்லுநர் குழு அமர்ந்து, தேவைப்பட்டால் உங்களை அழைத்து விளக்கச் சொல்லி, பரிந்துரைக்கிறது. அதன் பிறகும் நிதிப் பிரிவின் ஒப்புதல் வந்தால்தான் ஆணை வெளியாகும். இதற்கெல்லாம் பல மாதங்கள் ஆகும் என்பதால், பருவகாலத்தைச் சார்ந்த களப்பணியை ஆணை வரும் தேதியோடு கட்டிப்போடாமல் திட்டமிட வேண்டும்.

இப்போது உங்கள் நண்டுக்கு வருகிறேன். எனக்கு உண்மையில் ஆர்வம் தந்தது அதுதான். "கடலூர் நண்டுகளில் காணப்படும் ஒட்டுயிரிகள் குறித்த ஆய்வு" என்று தலைப்பிட்டால் அது பட்டியலாகவே முடியும். அத்தகைய பட்டியல்கள் இந்தக் கடற்கரையிலிருந்து ஏற்கெனவே நிறைய வந்துவிட்டன. உங்கள் மாணவர்கள் கேட்ட கேள்விதான் ஆய்வு: ஏன் சில நண்டுகளில் மட்டும்? நண்டு தோலுரிக்கும்போது செவுளின் மேலுறையும் கழன்று வருவதால், அதில் ஒட்டிய கொட்டலசுகளும் போய்விடும். ஆகவே அண்மையில் தோலுரித்த நண்டு சுத்தமாக இருக்கும். முதிர்ந்தபின் தோலுரிப்பு அரிதாகிவிட்ட பெண் நண்டு அதிகம் சுமக்கும் என்று எதிர்பார்க்கலாம். இதோடு உப்புத்தன்மையும் சேர்கிறது. வடகிழக்குப் பருவமழையில் கழிமுகங்களில் நன்னீர் ஏறும்போது, கடல்வாழ் கொட்டலசுகள் நிலைத்திருக்கின்றனவா? சிப்காட் தொழிற்பேட்டையை ஒட்டி ஓடும் உப்பனாறு ஒருபுறம், வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட பிச்சாவரம் அலையாத்திக் காடு மறுபுறம் என, ஒரே மாவட்டத்துக்குள் ஒப்பிட இரண்டு நீர்நிலைகள் உங்களுக்கு இருக்கின்றன. பால் (ஆணா, பெண்ணா), ஓட்டின் அகலம், தோலுரிப்பு நிலை, உப்புத்தன்மை, செவுள் வாரியாகக் கொட்டலசு எண்ணிக்கை ஆகிய இவற்றை மாதந்தோறும் ஈராண்டுக்குப் பதிவு செய்தாலே வலுவான தரவு கிடைக்கும். அதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை.

பயனையும் வலிந்து தேட வேண்டியதில்லை. செவுள் அடைபட்ட நண்டு உயிர்வளி எடுக்கச் சிரமப்படும். கொழுக்க வைக்கவும் உயிரோடு அனுப்பவும் வாங்கப்படும் நண்டுகளுக்கு அது நேரடியான சிக்கல். சீர்காழிக்கு அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் சேற்று நண்டுக் குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. வளர்ப்போர் தரப்பின் தேவையை அங்கே கேட்டறிந்து, அதை முன்மொழிவில் ஒரு பத்தியாக எழுதுங்கள். இனங்களை அடையாளம் காண்பதற்குப் பரங்கிப்பேட்டையில் உள்ள அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையத்திலிருந்து ஓர் இணை ஆய்வாளரைச் சேர்த்துக்கொள்வது நல்லது. பிச்சாவரத்தில் மாதிரி எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். அது 2022 முதல் ராம்சார் ஈரநிலமாகவும், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாகவும் இருப்பதால், அந்த விண்ணப்பத்தை முன்கூட்டியே கொடுத்து, கொடுத்ததற்கான சான்றை இணைத்துவிடுங்கள்.

மூன்றாவது ஐயத்துக்குச் சுருக்கமான விடை: கருத்தில் கொள்கிறார்கள். செர்ப் காலத்தில் மாநிலப் பல்கலைக்கழகங்களையும் கல்லூரிகளையும் மனத்தில் வைத்தே, மூன்றாண்டுக்கு 30 லட்சம் ரூபாய் வரம்புடன் 'ஷ்யூர்' என்ற திட்டமும், கல்லூரி ஆசிரியர் தம் பணியில் இருந்துகொண்டே அருகிலுள்ள பெரிய நிறுவனத்தில் பகுதிநேரமாக ஆய்வு செய்யும் 'டேர்' என்ற திட்டமும் கொண்டுவரப்பட்டன. எந்த ஆண்டில் எதற்கு அழைப்பு வருகிறது என்பதை அறக்கட்டளையின் தளத்தில் கவனித்து வாருங்கள்.

மறுமொழி: ஆய்வு மாணவர், காலாப்பட்டு

பேராசிரியர் ஐயா அறிவியல் பகுதியை விரிவாகச் சொல்லிவிட்டார்கள். நிதி வந்த பிறகு என்ன நடக்கும் என்பதை, ஒரு திட்டத்தில் ஊதியம் பெறுபவன் என்ற நிலையிலிருந்து எழுதுகிறேன்.

திட்டத்தின் பணம் இரண்டு தலைப்புகளில் வரும். கருவிகளுக்கானது மூலதனச் செலவு. ஆள் ஊதியம், வேதிப்பொருள்கள், பயணம், சில்லறைச் செலவு, நிறுவனத்துக்கான மேல்செலவு ஆகியவை நடைமுறைச் செலவு. ஒன்றில் மிஞ்சியதை மற்றொன்றுக்கு, நிதி வழங்கும் நிறுவனத்தின் முன் அனுமதியின்றி மாற்ற முடியாது. ஆண்டு முடிவில் மத்திய அரசின் பொது நிதி விதிகளில் உள்ள ஜி.எஃப்.ஆர். 12-ஏ படிவத்தில் பயன்பாட்டுச் சான்றிதழும் செலவு அறிக்கையும் அனுப்பிய பிறகே அடுத்த தவணை நகரும். இப்போது பல திட்டங்களில் பணம் முன்பு போலக் கல்லூரிக் கணக்கில் வந்து தங்குவதில்லை. பூஜ்ய இருப்புக் கணக்கில் செலவு வரம்பு மட்டும் ஒதுக்கப்படுகிறது; மார்ச் 31-க்குள் பயன்படுத்தாத வரம்பு போய்விடும். ஆகவே உங்கள் கல்லூரி மத்திய அரசின் பொது நிதி மேலாண்மைத் தளமான பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் பதிவு செய்யப்பட்டிருக்கிறதா என்பதையும், அதை இயக்கத் தெரிந்த அலுவலர் ஒருவர் இருக்கிறாரா என்பதையும் முன்மொழிவு அனுப்பும் முன்பே பார்த்துவிடுங்கள்.

ஆள் ஊதியம் பற்றி அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 2023 ஜனவரி முதல் தேதியிலிருந்து இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். முதுநிலைக்கு 42,000 ரூபாய். இவற்றோடு வீட்டு வாடகைப்படியும் உண்டு. தாளில் இது நல்ல தொகைதான். ஆனால் இரண்டாம் ஆண்டுத் தவணை தாமதமானபோது எனக்குப் பல மாதங்கள் உதவித்தொகை வரவில்லை. அறை வாடகையையும் ஊருக்கு அனுப்ப வேண்டிய பணத்தையும் அந்த மாதங்களில் எப்படிச் சமாளிப்பது என்ற கவலையோடுதான் காலையில் ஆய்வகத்துக்குப் போவேன். கடலூர் மீனவக் குடும்பத்து மாணவர் ஒருவரை நீங்கள் திட்ட உதவியாளராக எடுக்கக்கூடும், அம்மா. அவர் வீட்டில் அந்த இடைவெளியைத் தாங்க இயலுமா என்று யோசித்து, முதலாண்டுச் சான்றிதழ்களை ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் அனுப்பும் பொறுப்பை நீங்களே ஏற்றுக்கொள்ளுங்கள். நம் கையில் இருப்பது அந்த ஒரு பகுதிதான்.

ஒரு கூடுதல் தகவல். நாட்டின் அறிவியல் கழகங்கள் (அகாடமிகள்) மூன்றும் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்தொகைக்கு மாணவர்களோடு ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம். இரண்டு மாதங்கள் ஒரு நல்ல ஆய்வகத்தில் செவுள் திசுவியலைக் கற்றுவந்தால், உங்கள் முன்மொழிவின் செயல்முறைப் பகுதி வலுப்படும்.

மறுமொழி: அறிவியல் ஆசிரியை, வில்லியனூர்

பேச்சு கல்லூரியைப் பற்றியதாக இருந்தாலும், அங்கே வரும் மாணவர்கள் எங்களிடமிருந்துதானே வருகிறார்கள். பள்ளி அளவில் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் இன்ஸ்பயர்-மானக் திட்டத்தில், தேர்வாகும் மாணவரின் எண்ணத்துக்கு வடிவம் கொடுக்க 10,000 ரூபாய் வழங்குகிறார்கள். தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தங்கள் ஊர்ச் சிக்கலையே ஆய்வுப் பொருளாக எடுக்கலாம். புதுச்சேரியில் புதுவை அறிவியல் இயக்கமும், உங்கள் பக்கம் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் இதில் நெடுநாளாகத் துணை நிற்கின்றன. நீங்கள் நண்டு ஆய்வைத் தொடங்கினால், முதுநகர்ப் பள்ளிப் பிள்ளைகள் சிலரை ஒரு நாளாவது எண்ணிக்கைப் பணிக்கு அழையுங்கள். எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஊசுட்டேரியில் பறவைகளை எண்ணிய நாளில் கேட்ட கேள்விகளை, ஆண்டு முழுதும் பாடம் நடத்தியும் நான் கேட்டதில்லை.

மறுமொழி: மூலக்கூறு உயிரியலாளர், புதுச்சேரி

சில ஆண்டுகள் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் பணியாற்றித் திரும்பியவள் நான். ஆசிரியை சொன்னதோடு தொடர்புள்ள ஒன்றைப் பகிர்ந்துகொள்கிறேன்.

1950-இல் நிறுவப்பட்ட அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை அடிப்படை ஆய்வுக்கும் அறிவியல் கல்விக்கும் சேர்த்தே பொறுப்பேற்றிருக்கிறது. நோய்களைப் பற்றிய மருத்துவ ஆய்வு அங்கே வேறு நிறுவனத்தின் பொறுப்பு. எந்த முன்மொழிவையும் அது இரண்டு அளவுகோல்களால் மதிப்பிடும். அறிவுக்கு இதனால் என்ன சேரும் என்பது ஒன்று. சமூகத்துக்கு இதனால் என்ன விளையும் என்பது மற்றொன்று. இரண்டாவதற்கு விடையாக, பட்ட மாணவர்களை ஆய்வில் சேர்ப்பதையும் சிறு கல்லூரிகளோடு இணைந்து செயல்படுவதையும் பலர் எழுதுவார்கள். கோடையில் இளங்கலை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு ஆய்வுப் பயிற்சி தரவே தனித் திட்டம் ஒன்று அங்கே நெடுங்காலமாக நடக்கிறது. முன்மொழிவு ஏற்கப்படாவிட்டாலும் மதிப்பீட்டாளர்களின் எழுத்துக் கருத்துகள், அவர்களுடைய பெயரின்றி, விண்ணப்பித்தவருக்கு வந்து சேரும். இளைய ஆசிரியர்கள் எழுதக் கற்பதே அந்தக் கருத்துகளைப் படித்துத்தான். நம் அமைப்புகள் அனைத்தும் ஒவ்வொரு விண்ணப்பதாரருக்கும் அதை முறையாகச் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கு ஒரு ரூபாய்கூடக் கூடுதல் நிதி தேவையில்லை.

இங்கும் வழி இல்லாமல் இல்லை. அறிவியல் சார்ந்த சமூகப் பொறுப்பு என்ற நெறிமுறையை மத்திய அரசு 2022-இல் வெளியிட்டது. செர்ப் தன் திட்டங்களில் ஆய்வாளர்கள் அருகிலுள்ள பள்ளி, கல்லூரிகளுக்குச் சென்று பயிற்சியளிப்பதை எதிர்பார்த்தது. உங்கள் விண்ணப்பத்தில் அந்தப் பகுதியைப் பெயரளவுக்கு எழுதாமல், எந்தப் பள்ளி, எந்த மாதம், என்ன செய்முறை என்று குறிப்பாக எழுதுங்கள். ஆய்வையும் கல்வியையும் ஒரே செலவுப் பட்டியலில் கலக்கக் கூடாது என்ற பேராசிரியரின் கருத்து சரியானதே. ஆனால் ஆய்வின் நடைமுறையில் மாணவர்கள் கலந்திருப்பது முன்மொழிவுக்கு வலுவைத்தான் சேர்க்கும்.

கேட்டவர்: விலங்கியல் உதவிப் பேராசிரியை, கடலூர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று முதல்வரிடம் பேசினேன். நட்சத்திரக் கல்லூரித் திட்டத்துக்காகத் துறைத் தலைவர்களின் கூட்டம் ஒன்றைக் கூட்ட ஒப்புக்கொண்டார்கள். நண்டு ஆய்வைத் தனி முன்மொழிவாக எழுதுகிறேன். ஆணைக்காகக் காத்திராமல், தோலுரிப்பு நிலையையும் கொட்டலசு எண்ணிக்கையையும் உப்பனாற்று நண்டுகளில் இந்த மழைக்காலத்திலேயே பதிவு செய்யத் தொடங்குவோம். முன்மொழிவில் காட்ட ஒரு தொடக்கத் தரவு கிடைக்கும்.

இன்னும் ஓர் ஐயம். ஆய்வுத் திட்டத்தில் வாங்கும் நுண்ணோக்கி, திட்டம் முடிந்த பிறகு கல்லூரியிலேயே இருக்குமா? திட்டம் நடக்கும்போது இளங்கலை மாணவர்கள் அதைத் தொடலாமா?

மறுமொழி: ஓய்வுபெற்ற கடல் உயிரியல் பேராசிரியர், பரங்கிப்பேட்டை

தொடலாம், அம்மா. ஆய்வுப் பணிக்கு இடையூறு இல்லாதவரை, மாணவர்கள் அதில் வேலை செய்வதை எந்த மதிப்பீட்டாளரும் குறையாகச் சொன்னதில்லை. உரிமை பற்றிச் சொன்னால், திட்ட நிதியில் வாங்கிய கருவி அரசின் சொத்து. நிதி வழங்கிய நிறுவனத்தின் அனுமதியின்றி அதை விற்கவோ வேறு இடத்துக்கு மாற்றவோ கூடாது. திட்டம் முடிந்து இறுதி அறிக்கையும் கணக்கும் ஏற்கப்பட்டதும், கருவியைக் கல்லூரியே வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு முதல்வர் வழியாக எழுத வேண்டும், வழக்கமாகத் தந்துவிடுவார்கள். அதற்காக முதல் நாளிலிருந்தே கல்லூரியின் பொது இருப்புப் பதிவேட்டில் சேர்க்காமல் திட்டத்துக்கென்று தனிப் பதிவேடு ஒன்று வையுங்கள். கருவியின் மீது ஆணை எண்ணையும் திட்டத்தின் பெயரையும் அழியாத மையில் எழுதி ஒட்டிவிடுங்கள். தொடக்கத் தரவு எடுப்பது நல்ல முடிவு. ஐப்பசியில் மழை வலுக்கும் முன்னர் ஒரு முறையும், வெள்ளம் வடிந்தபின் ஒரு முறையும் கட்டாயம் எடுங்கள். உப்புத்தன்மை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் உங்களிடம் இல்லாவிட்டால் சொல்லுங்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது.